வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம்

சிட்டுவின் அம்மா, ஓட்டல் துணிகளை வெளுக்கும் ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஈரம் பிழிந்த படுக்கை விரிப்புகள் ஒரு பக்கம் சூடான உருளைக்குள் போகும்; மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வரும். வருவதை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, உதறி, மடித்து, அடுக்க வேண்டும். எதிர் முனையைப் பிடிப்பவள் அவளைவிட வயதில் மூத்தவள். பேச்சிலும் நடையிலும் எப்போதும் ஒரு விறைப்பு இருக்கும் என்பதால் அவளுக்குக் கஞ்சியக்கா என்று பேர். நாள் முழுக்க நின்றபடி செய்கிற வேலை அது. சூட்டில் முகம் கன்றிப்போகும், இடுப்பு இற்றுவிழும். ஆனால் யோசிக்க வேண்டியதில்லை. யோசிக்க வேண்டியதெல்லாம் வீட்டில் இருந்தது.

சிட்டு அவளுடைய ஒரே மகள். நடை சரியான காலத்தில் வந்தது. அதுவும் பாதி நேரம் நுனிக்காலில். பேச்சுதான் வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகுவதை மட்டும் அலுக்காமல் பார்ப்பாள்.

"எங்கண்ணன் அஞ்சு வயசு வரைக்கும் வாயே திறக்கல. இப்ப மூட வைக்க முடியல" என்று சிட்டுவின் அப்பா சொல்லிச் சிரிப்பார். அவர் தண்ணீர் கேன் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுபவர். எதையும் சிரித்துக் கடந்துவிடலாம் என்று நம்புகிறவர். பரிசோதித்த டாக்டர் 'ஆட்டிசம்' என்று சொன்ன அன்று அவர் சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் தேவையில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்.

டாக்டரிடம் சிட்டுவின் அம்மா ஒன்றுதான் கேட்டாள். "இது எப்ப சார் சரியாகும்?"

"சரியாகறதுக்கு இது வியாதி இல்லம்மா. அவ மூளை வேற மாதிரி வேலை செய்யுது, அவ்வளவுதான். ஆனா இப்பவே ஆரம்பிச்சா நிறைய கத்துக்குவா. பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி இருக்கற வருஷங்கள விட்டுடாதீங்க. இப்பவே ஆரம்பிங்க."

'இப்பவே' என்பதை அவர் அழுத்திச் சொன்னார். அதற்குப் பிறகு அவர்கள் ஏறி இறங்கிய அலுவலகங்களில் எல்லாம் 'கொஞ்சம் பொறுங்க' என்றுதான் சொன்னார்கள்.

ஒரு திட்டம் இருந்தது. சிட்டு மாதிரிக் குழந்தை பாலர் பள்ளியில் சேர்ந்தால், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள ஒரு துணை டீச்சரை அரசாங்கம் அனுப்பும். சம்பளத்தையும் அரசாங்கமே கொடுக்கும். அதிகபட்சம் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம். அலுவலகத்தில் யாரும் அதைப் பணம் என்று பேச மாட்டார்கள். எல்லாம் மணிதான். காத்திருக்கும் அம்மாக்களும் அதே பாஷைக்குப் பழகியிருந்தார்கள். "உங்களுக்கு எத்தனை மணி?" என்று, வீட்டில் எத்தனை பேர் என்பது போலக் கேட்டுக்கொள்வார்கள்.

சிட்டுவைப் பாலர் பள்ளியில் சேர்த்தாயிற்று. மணி மட்டும் வரவில்லை. வரிசை நீளம் என்றார்கள். இந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்றார்கள். அதற்குள் பள்ளியிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரிய டீச்சர் கோபப்படுகிறவர் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மன்னிச்சுக்கங்க சிட்டு அம்மா. இன்னிக்கும் கேட்டுக்கு ஓடிட்டா. நான் இருபது பிள்ளைங்கள விட்டுட்டு அவ பின்னாடியே ஓட முடியல. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

உருளையிலிருந்து விரிப்பு வந்துகொண்டிருக்கும்போதே கையை உதறிவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். "போ போ, நான் பாத்துக்கறேன்" என்பாள் கஞ்சியக்கா. ஒரே ஆளாக அந்த விரிப்புகளை மடிக்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். சுருட்டிக் கூடையில் போட்டு வைத்துவிட்டு, இவள் வந்ததும் இரண்டு பேருமாக மறுபடி உருளைக்குள் விடுவார்கள். மேற்பார்வையாளர் பார்த்தும் பார்க்காத மாதிரி ஓரிரு தடவை போனார். பிறகு பார்க்க ஆரம்பித்தார்.

மணி கிடைத்தபோது சிட்டுவுக்கு நாலு வயது தாண்டியிருந்தது. பதினைந்தும் கிடைத்தது. செய்தி வந்த அன்று சிட்டுவின் அப்பா வேனிலிருந்து இறங்கி, வீட்டுப் படியில் உட்கார்ந்து, "அப்பாடா" என்றார். 

துணை டீச்சர் முப்பதைத் தாண்டியவள். ஒல்லியாக, வெயிலில் அலைந்த முகமாக இருந்தாள். அவளுக்கு மூன்று பள்ளிகளில் மூன்று குழந்தைகள். ஒரு பள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பஸ்ஸில்தான் மதியச் சாப்பாடு. முதல் சில வாரங்கள் அவள் ஒன்றுமே செய்யவில்லை. சிட்டு தரையில் எங்கே உட்கார்ந்தாளோ அங்கே போய் உட்கார்ந்தாள். சிட்டு குழாயைப் பார்த்தால் அவளும் குழாயைப் பார்த்தாள்.

"உக்காந்து வேடிக்கை பாக்க சம்பளம் குடுத்து ஆள் அனுப்பியிருக்காங்க" என்று சிட்டுவின் அம்மா கஞ்சியக்காவிடம் சொன்னாள்.

"நமக்கும் அந்த மாதிரி ஒரு வேலை இருந்தா சொல்லு" என்றாள் கஞ்சியக்கா.

ஆனால் மாற்றம் வந்தது. பள்ளிக் கழிவறையில் கை உலர்த்தும் மெஷின் ஒன்று உண்டு. அதன் சத்தத்துக்குப் பயந்து சிட்டு அந்தப் பக்கமே போக மாட்டாள். உடையெல்லாம் நனைந்துதான் வீட்டுக்கு வருவாள். துணை டீச்சர் அவளைத் தினமும் அந்தக் கதவுக்கு வெளியே கொஞ்சம் தூரத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பக் கூட்டி வந்தாள். பிறகு கதவருகே. பிறகு கதவைத் திறந்து. ஒருநாள் சிட்டு தானே உள்ளே போய்விட்டு வந்தாள். அன்று உடை காய்ந்திருப்பதைப் பார்த்து, அவள் அம்மா அந்தப் பாவாடையைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அதற்கப்புறம் கேட்டுக்கு ஓடுவது குறைந்தது. மற்றப் பிள்ளைகள் வட்டமாக உட்காரும்போது வட்டத்துக்கு வெளியே, ஆனால் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். ஷூவைத் தானே மாட்டிக்கொண்டாள். பெரும்பாலும் இடம் வலம் மாறித்தான் இருக்கும்.

பேச்சும் வந்தது, வேறு மாதிரி. சொந்தமாக ஒரு சொல் வரவில்லை. கேட்டதெல்லாம் கேட்ட குரலிலேயே வந்தது. பஸ்ஸில் ஒலிக்கும் பெண் குரலில், "கதவருகே நிற்காதீர்கள்" என்று குளியலறையில் நின்று சொல்வாள். அவள் அப்பா உடனே பயணி மாதிரி நகர்ந்து நிற்பார். வீட்டில் எல்லோரும் சிரித்த நாட்களும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

வருஷம் முடிந்ததும் மறுமதிப்பீடு. குழந்தைக்கு இன்னும் உதவி தேவையா, எத்தனை மணி என்று பார்ப்பார்கள். பெற்றோரும் குழந்தையும் நேரில் வர வேண்டும். சிட்டுவின் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா தனியாகத்தான் சிட்டுவைக் கூட்டிப்போனாள்.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த ஓர் அம்மா கேட்டாள். "மொத தடவையா?"

"ஆமாங்க."

"நல்லதா எதையும் சொல்லிடாதீங்க. போன வருஷம் நான் பெருமையா சொன்னேன், எம்பையன் இப்ப ஸ்பூன் பிடிக்கறான், கலர் சொல்றான்னு. ரொம்ப சந்தோஷம்மான்னு சொன்னாங்க. மணிய பாதியா வெட்டிட்டாங்க. ஆறே மாசத்துல பழையபடி குருடி கதவைத் திறடி கதைதான்." அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பல பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன விஷயம் போலிருந்தது. "இருக்கறதுலயே மோசமான நாள நினைச்சுக்கங்க. அதையே சொல்லுங்க."

உள்ளே ஓர் அதிகாரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷன்தான். சிட்டுவுக்கு விளையாடக் காகிதக் கப்புகள் கொடுத்தார். அவள் மேஜைக்கு அடியில் போய், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டிருந்தாள். அவர் கேள்விகளை வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் எப்போதும், சில நேரம், இல்லவே இல்லை என்று மூன்றே பதில்கள்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புவாளா?"

சில நேரம் திரும்புவாள். "இல்ல சார்."

"மத்தப் பிள்ளைங்களோட உக்காருவாளா?"

"இல்ல சார்."

"ஷூ, செருப்பெல்லாம் தானே மாட்டிக்குவாளா?"

மேஜைக்கு அடியில் இரண்டு ஷூக்கள் இடம் வலம் மாறித் தெரிந்தன. காலையில் பஸ்ஸுக்கு நேரமாகியும் அவளே மாட்டட்டும் என்று காத்திருந்து கூட்டி வந்திருந்தாள். "இல்ல சார், நான்தான் மாட்டிவிடணும்."

"ஆபத்துன்னா புரியுமா? சூடு, ரோடு, இந்த மாதிரி?"

அவளுக்கு எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது. ஒரு பெருமூச்சு விட்டு, "ஒண்ணுமே புரியாது சார் அவளுக்கு" என்றாள்.

பதினைந்து மணி நேரம் அப்படியே கிடைத்தது. "ஜெயிச்சுட்ட போ" என்றார் சிட்டுவின் அப்பா. கஞ்சியக்காகூட, வாழ்நாளில் முதல் தடவையாக, தன் டிபன் பாக்ஸில் இருந்ததைப் பாதி எடுத்து இவளிடம் நீட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. சிட்டு பிஸ்கட் டப்பாவின் மூடியைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறுகிப்போயிருந்தது. திருப்பினாள், தரையில் தட்டினாள், பல்லால் கடித்தாள். பிறகு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டாள்.

"ஒண்ணுமே புரியாது சார் அவளுக்கு."

அச்சு அசல் அம்மாவின் குரல். மூச்சுக்கும் சொல்லுக்கும் நடுவில் இருந்த சின்ன இடைவெளிகூட அப்படியே இருந்தது.

சிட்டுவின் அப்பாவுக்கு விஷயம் தெரியாது. சிரிக்க ஆரம்பித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். அவள் அடுப்படியில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னாள். அவர் வெகுநேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"டேப் மாதிரி திருப்பிச் சொல்றா, விடு. அவளுக்கு என்ன அர்த்தம் தெரியும்?" என்றார். சொல்லி முடித்த பிறகுதான், தானும் அதையேதான் சொல்லியிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. எழுந்து போய் டப்பாவைத் திறந்து மகளிடம் கொடுத்தார்.

மறுநாள் சலவைக்கூடத்துக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, அவள் பள்ளி வாசலில் துணை டீச்சருக்காகக் காத்திருந்தாள். வந்ததும், சிட்டு வீட்டில் சொன்ன அந்த வாக்கியத்தைப் பற்றிக் கேட்டாள்.

"க்ளாஸ்லயும் சொல்றாக்கா" என்றாள் துணை டீச்சர். "மூணு நாளா கேக்கறேன். யார் சொன்னதுன்னு தெரியாம இருந்தேன்."

"நான்தான்."

துணை டீச்சர் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "எப்ப சொல்றான்னு பாத்தேன். சும்மா சொல்றதில்ல. ஜிப் மாட்டிக்கிட்டா சொல்றா. பெயின்ட் கொட்டிட்டா சொல்றா. தன்னால முடியலன்னா அதச் சொல்றா."

"அப்ப அவளுக்குப் புரியுது."

"எவ்வளவு புரியுதுன்னு தெரியாதுக்கா. ஒண்ணும் புரியலன்னு மட்டும் சொல்ல முடியாது."

"நான் வேற என்ன டீச்சர் பண்ணியிருக்க முடியும்? உள்ளதச் சொல்லியிருந்தா உங்க மணி போயிருக்கும்."

"போயிருக்கும்" என்றாள் துணை டீச்சர். "என் சம்பளமும் அதுலதான்க்கா ஓடுது. நான் எந்த வாயால உங்களத் தப்பு சொல்றது?"

இரண்டு பேரும் கேட்டைப் பிடித்தபடி நின்றார்கள். உள்ளே பிள்ளைகள் இரைந்தார்கள். பிறகு துணை டீச்சர் ஒரு வழி சொன்னாள். அதைச் சொல்லாதே என்று சிட்டுவைத் தடுக்கக் கூடாது. அவள் அதைச் சொல்லும்போதெல்லாம், பக்கத்தில் இருப்பவர் அமைதியாக, ஒரே மாதிரிக் குரலில், "உதவி வேணும்" என்று சொல்லிவிட்டு உதவ வேண்டும். அதற்கு இந்தச் சொல்தான் என்று அவளாகப் பிடித்துக்கொள்வாள்.

சொல்வதற்கு எளிது. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை தன் குரலிலேயே அந்த வாக்கியத்தைக் கேட்க வேண்டியிருந்தது. பஸ்ஸில், கடையில், மாடிப்படியில். ஒவ்வொரு தடவையும் குரல் நடுங்காமல் "உதவி வேணும்" என்று சொல்ல வேண்டியிருந்தது. அலுத்துப்போய் வீடு திரும்பும் மாலைகளில் அவளால் முடியாது. அப்போது அவள் கணவர் எங்கிருந்தாவது குரல் கொடுப்பார். சில மாதங்கள் கழித்து ஒருநாள் சிட்டு சட்டைக்குள் தலை சிக்கிக்கொண்டு, உள்ளேயிருந்து சொன்னாள்.

"உதவி வேணும் சார்."

அந்த 'சார்' போகவே இல்லை. அம்மா, அப்பா, டீச்சர் எல்லோரும் சார்தான். "வீட்டுல நமக்குக் கிடைக்கற மரியாதையே இது ஒண்ணுதான்" என்றார் அவள் அப்பா. சிட்டுவின் அம்மா சிரித்தாள். அவளுக்கு அந்த மற்ற வாக்கியம் மறக்கவில்லை. சிட்டுவும் முழுசாக மறக்கவில்லை. காய்ச்சல் வந்தால் மட்டும் அது திரும்ப வரும்.

பாலர் பள்ளி முடிந்தது. அத்தோடு மணியும் முடிந்தது. பெரிய பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு உதவி தருவது வேறொரு துறையாம். பழைய துறையில் சொன்னது எதுவும் அங்கே செல்லாது. மறுபடி முதலிலிருந்து நேர்காணல். இந்தத் தடவை சிட்டுவின் அப்பா லீவு கேட்கவில்லை. வேனை அலுவலக வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்துவிட்டார்.

அதிகாரி ஒரு பெண். மேஜை ஓரத்தில் பிரிக்காத சாப்பாட்டுப் பை. மணி மூன்றாகியிருந்தது. சிட்டு ஜன்னலோரம் நின்று திரைச்சீலையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அதிகாரி முதல் கேள்வியை வாசிக்க வாயெடுத்தார்.

"மேடம், அவ முன்னாடி வேணாம்" என்றாள் சிட்டுவின் அம்மா.

"குழந்தை இருக்கணும்மா. அதுதான் விதி."

"இருக்கட்டும். நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் அவளப் பாருங்க. என்னைக் கேக்கறத வெளிய வச்சுக் கேளுங்க."

"வேற ரூம் கிடையாது. வெளிய இன்னும் எத்தனை பேர் உக்காந்திருக்காங்க பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன். நான் நின்னுகிட்டே சொல்றேன். அவளுக்குக் காது நல்லா கேக்குது மேடம். போன தடவை நான் சொன்னத அவ ஒரு வருஷமாகியும் மறக்கல."

அதிகாரி அவளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், சாப்பாட்டுப் பையைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். சிட்டுவும் அப்பாவும் உள்ளே இருக்க, இரண்டு பெண்களும் மாடிப்படி ஓரத்தில் போய் நின்றார்கள். படியேறுபவர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டுப் பேசினார்கள்.

நன்றாகப் பொய் சொல்லத் தயாராகத்தான் அவள் வந்திருந்தாள். ஆனால் அங்கே நின்றபோது அதற்கான தெம்பு இல்லை. செய்வதையும் சொன்னாள், செய்யாததையும் சொன்னாள். கழிவறைக்குத் தானே போகிறாள். தெரியாத இடமென்றால் போக மாட்டாள். மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறாள். பயந்துவிட்டால் ஒன்றும் வராது. கேட்டுக்கு ஓடுவதில்லை. பக்கத்தில் ஆள் இல்லையென்றால் ஓடுவாள்.

"இந்த மாதிரி சொன்னா மணி குறையும். தெரியும் இல்ல?" என்றார் அதிகாரி.

"தெரியும் மேடம்."

"நான் பாத்து எழுதறேன். ஆனா முடிவு என் கையில இல்ல."

பத்து மணி நேரம் வந்தது. சிட்டுவின் அப்பா சாப்பிட்டு முடித்தார். கை கழுவும்போது, "பொய்யே சொல்லியிருக்கலாமோ?" என்றார்.

"இருக்கலாம்" என்றாள் அவள். தட்டுகளை எடுத்துப் போட்டாள். உண்மையில் அவளுக்குத் தெரியவில்லை.

துணை டீச்சர் வேறொரு பாலர் பள்ளியில் வேறொரு குழந்தைக்குப் போய்விட்டாள். கடைசி நாள் விடைபெற்றபோது சிட்டு திரும்பிப் பார்க்கவில்லை. "பரவால்லக்கா, என்னைத் தேடலன்னா நல்லதுதான்" என்றாள். ஆனால் பஸ் வந்த பிறகும் அவள் உடனே ஏறவில்லை.

பெரிய பள்ளியின் முதல் நாள் புதிய துணை ஆசிரியர் வாசலிலேயே நின்றிருந்தார். தடித்த, உயரமான மனிதர். முன்பு நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுத்தவராம். முட்டி போட்டு சிட்டுவின் உயரத்துக்குத் தன்னை இறக்கிக்கொண்டார். அவளைத் தொடவில்லை. நிமிர்ந்து அம்மாவிடம் கேட்டார்.

"இவளுக்கு என்ன பிடிக்கும்?"

"சட்டை காலர்ல லேபிள் இருந்தா பிடிக்காது சார். திடீர்னு கை வச்சா..."

"அத அப்புறம் கேட்டுக்கறேன். பிடிச்சதச் சொல்லுங்க."

அவள் சிட்டுவைப் பார்த்தாள்.  இத்தனை வருஷமாக இத்தனை மேஜைகளின் முன்னால் உட்கார்ந்தும், இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. பின்னால் அவளுடைய பஸ் ஹாரன் அடித்தது. அந்த மனிதர் அவசரப்படுத்தாமல் முட்டி போட்டபடியே இருந்தார்.

"மழை வரும்போது கண்ணாடியில விரல் வச்சு, ஒவ்வொரு சொட்டு பின்னாடியும் கீழ வரைக்கும் போவா" என்றாள் கடைசியில்.

"நானும் போவேன்" என்றார் அவர்.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் மற்றதெல்லாம் நினைவுக்கு வந்தது. புதுத் துண்டின் வாசனை பிடிக்கும். அப்பா தும்மினால் பிடிக்கும், இன்னொரு தடவை தும்மச் சொல்லி மூக்கைத் தொடுவாள். லிப்ட் கதவு மூடும்போது தெரிகிற கடைசிக் கீற்று வெளிச்சம் பிடிக்கும். சாயங்காலம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அன்று உட்கார இடம் கிடைத்தது. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் தூங்கிப்போனாள்.